பேச்சு என்று பெயர், பேச உரிமை இல்லை

அவையோருக்கு வணக்கம்.

உடலுறவைச் சொல்ல ஆங்கிலத்தில் புழங்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பேசப்போகிறேன். கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டவர்கள் அந்தச் சொற்களை உண்டாக்கியவர்கள்தான். மறைக்க வேண்டும் என்று நினைத்து, வேறு எங்கெங்கோ இருந்த சொற்களை எடுத்து இதன்மேல் போர்த்தினார்கள்.

மருத்துவர் முன்னால் சகஜமாகச் சொல்கிறோமே, 'இண்டர்கோர்ஸ்' என்று? அது வியாபாரிகளின் சொல். லத்தீன் வேரில் 'இடையே ஓடுவது' என்று பொருள். போக்குவரத்து, கொடுக்கல் வாங்கல். 1496-இல் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி, பர்கண்டி கோமகனோடு கம்பளி வணிகத்துக்காகச் செய்துகொண்ட உடன்படிக்கையின் பெயரே 'இண்டர்கர்சஸ் மாக்னஸ்'. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் இரண்டு குடும்பங்கள் வந்துபோய்ப் பழகுவதற்கும் இதே சொல்தான். படுக்கையறைக்குள் அது நுழைந்தது பதினெட்டாம் நூற்றாண்டு முடியும்போது.

மணமாகாமல் கொள்ளும் உறவைச் சொல்லும் 'ஃபோர்னிகேஷன்' என்பதில் இருக்கும் 'ஃபோர்னிக்ஸ்' ஒரு கட்டட வளைவு. பழைய ரோமில் அந்த வளைவுகளுக்கு அடியில்தான் விலைமாதர் நின்றார்கள்.

பைபிள் மட்டும் வேறு வழியில் போனது. 1611-இல் வந்த ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு, எபிரேயத்தை ஒட்டி, ஆதாம் ஏவாளை 'அறிந்தான்' என்றது. நம் தமிழ் வேதாகமமும் அப்படியே 'அறிந்தான்' என்கிறது. இத்தனை சொற்களில் எனக்கு மனதார மரியாதை இருப்பது இதன்மேல் ஒன்றுதான்.

இனி நான் சொல்லவந்த சொல்லுக்கு வருகிறேன்: 'கான்வர்சேஷன்'. இன்று பேச்சு, உரையாடல். லத்தீனில் ஒருவரோடு சேர்ந்து வாழ்வது, பழகுவது. அதிலிருந்து உடலுறவு என்ற பொருளும் வந்தது. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்தில் ஒருவன் இன்னொருவன் மனைவியோடு 'கான்வர்சேஷன்' வைத்திருந்தான் என்றால், உட்கார்ந்து கதை பேசினான் என்று அர்த்தமில்லை. சட்டம் இதைப் பிடித்துக்கொண்டு, 'கிரிமினல் கான்வர்சேஷன்' என்று ஒரு வழக்கை உண்டாக்கியது. மனைவியோடு உறவு கொண்டவன்மேல் கணவன் பணம் கேட்டுப் போடும் வழக்கு. பெயரில் குற்றம் இருந்தாலும் இது சிவில் வழக்கு. தன் உடைமையைக் கெடுத்துவிட்டான், நஷ்டஈடு கொடு என்பதுதான் அதன் சாரம்.

1836 ஜூனில் லண்டனில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் நார்ட்டன் என்பவர், தன் மனைவி கரோலினோடு தொடர்பு என்று சொல்லி, அன்றைய பிரதமர் மெல்பர்ன் பிரபுமேல் வழக்குப் போட்டு 10,000 பவுண்டு கேட்டார். பழைய வேலைக்காரர்கள் கூண்டேறிச் சாட்சி சொன்னார்கள். ஆதாரம் என்று வாசிக்கப்பட்ட சீட்டுகளில் ஒன்றில் 'நாலரை மணி வாக்கில் வருகிறேன்' என்பதற்குமேல் ஒன்றும் இல்லை. ஜூரிகள் எழுந்துகூடப் போகாமல் மெல்பர்ன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

பிரதமருக்காக அட்டர்னி ஜெனரலே வாதாடினார். கரோலினுக்கு? யாருமில்லை. வழக்கில் அவர் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சாட்சியாகவும் நிற்க முடியாது. நாள் முழுக்க அவர் உடலைப் பற்றித்தான் பேசினார்கள். உரையாடல் என்று பெயர் வைத்த வழக்கில் ஒரு வார்த்தை பேச அந்தப் பெண்ணுக்கு இடமில்லை! இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

தீர்ப்பு சாதகமாக வந்தும் மூன்று மகன்களும் தகப்பனிடமே இருந்தார்கள். அன்றைய சட்டம் அப்படி. நீதிமன்றத்தில் பேச முடியாத கரோலின் எழுதினார், துண்டுப் பிரசுரங்களாக எழுதித் தள்ளினார். 1839-இல், ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தன்னிடம் விடக் கோரித் தாய் மனுச் செய்யலாம் என்று சட்டம் வந்தது. 1857-இன் திருமணச் சட்டம் இங்கிலாந்தில் 'கிரிமினல் கான்வர்சேஷனை' ஒழித்தது. ஆனால் பெயர்தான் போனது. மனைவியின் காதலனிடம் நஷ்டஈடு கேட்கும் உரிமையைக் கணவனுக்கு வேறு வடிவில் விட்டுவைத்தார்கள். அதை நீக்கும் சட்டத்துக்கு 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் அந்தப் பழைய பெயரோடேயே அந்த வழக்கு 1981 வரை உயிரோடு இருந்தது.