டியோர் நாற்காலியும் தறிக்காரர் பெயரும்

விழாத் தலைவர் அவர்களே, ஆடை வடிவமைப்புத் துறையைக் கட்டி வளர்த்த கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வேறு விழாக்களை விட்டுவிட்டு வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளே, மாணவச் செல்வங்களே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போர்த்திய பொன்னாடைக்கும் நன்றி. ஜரிகை கழுத்தில் குத்துகிறது, ஆனாலும் கழற்ற மாட்டேன். அதற்குக் காரணம் உண்டு.

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். பாரிஸில் டியோர் என்ற பேர்போன ஆடை நிறுவனம் 2025 ஜூனில் ஜோனாதன் ஆண்டர்சன் என்ற வடிவமைப்பாளரைப் பெண்கள் உடைக்கும் கிரியேட்டிவ் டைரக்டர், அதாவது வடிவமைப்புக்குத் தலைமை தாங்கும் இயக்குநர், ஆக்கியது. ஆண்கள் உடை ஏப்ரலிலேயே அவரிடம் வந்துவிட்டது. அளவெடுத்துக் கையால் தைக்கும் உயர்விலை உடைகளும் அவர் பொறுப்பு. நிறுவனத்தைத் தொடங்கிய கிறிஸ்டியன் டியோருக்குப் பிறகு எல்லாம் ஒரே ஆளிடம் வருவது இதுதான் முதல் முறை. இதையொட்டி மூன்று செய்தி சொல்கிறேன்: ஆள் ஏன் மாறுகிறார், மாறினால் என்ன மாறும், எது மாறாது.

முதலில் ஒரு கதை. 1957. டியோருக்கு 52 வயது. தன்னிடம் வேலை பார்த்த இவ் சான் லோரானின் அம்மாவைச் சந்தித்து, எனக்குப் பின் உங்கள் மகன்தான் என்ற பொருளில் பேசினார். அந்த அம்மாவுக்குக் குழப்பம். இந்த வயதில் வாரிசுப் பேச்சு எதற்கு? அக்டோபர் 24இல் இத்தாலியில் டியோர் மாரடைப்பில் போய்விட்டார். பையனுக்கு 21 வயது. நம் வீட்டு 21 வயதை நம்பி ரேஷன் கடைக்கு அனுப்புவோமா? முதல்வர் அம்மா சிரிக்கிறார், அவர் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார் போல. 1958 ஜனவரியில் பையனின் முதல் ஆடைக் காட்சி. இடுப்பை இறுக்கும் டியோர் பாணியை விட்டுவிட்டு, தோளிலிருந்து விரிந்து இறங்கும் 'ட்ரபீஸ்' கவுன். பையன் பாரிஸ் அவென்யூ மொந்தேன் தெருவில் டியோர் கட்டட மாடத்தில் வந்து நின்றால் கீழே தெருவெல்லாம் கைதட்டல்! பிரான்ஸைக் காப்பாற்றிவிட்டார் என்றே பேசினார்கள். எல்லாம் இரண்டு வருடம்தான். 1960இல் ராணுவம் கூப்பிட்டது, நாற்காலியில் மார்க் போஆன் என்ற இன்னொரு வடிவமைப்பாளர் உட்கார்ந்தார். 1989 வரை எழுந்திருக்கவில்லை. பையன் டியோர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு ஜெயித்து, தனிக்கடை போட்டது வேறு கதை.

சரி, இரண்டாவது செய்தி. ஆள் பாதி, ஆடை பாதி. அந்த ஆடைப் பாதியில் யாருடைய கை இருக்கிறது? ஆண்டர்சனுக்கு முன் 2016 முதல் இருந்தவர் மரியா கிராட்சியா கியூரி, பெண்கள் உடைக்கு அங்கே வந்த முதல் பெண் இயக்குநர். 2023 மார்ச் 30 அன்று மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் காட்சி நடத்தினார். அங்குள்ள சாணக்யா எம்பிராய்டரிக் கூடத்தோடு தனக்குள்ள தொடர்பை ஊரறியச் சொன்னார். அது பெரிய மனசு. ஆனால் உடையின் கழுத்துப் பட்டையில் டியோர் என்ற பெயர்தான். ஆரி வேலை பார்த்திருக்கிறீர்களா? சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மேலே ஒரு கை ஊசியைக் குத்தும், துணிக்கு அடியில் இன்னொரு கை நூலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடியில் இருக்கும் கை யார் கண்ணிலும் படாது. இயக்குநர் மாறினால் உலகச் செய்தி. இந்தக் கை மாறினால்?

பாரிஸை விடுங்கள். இந்தப் பொன்னாடையைத் திருப்பிப் பார்த்தேன். கடைப் பெயர் இருக்கிறது, விலையும் இருக்கிறது (கிழிக்க மறந்துவிட்டார்கள், செயலாளர் மன்னிக்கணும்). நெய்தவர் பெயர் இல்லை. சங்கச் சேலையின் சீட்டில் நெய்தவர் பெயரை ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? நிர்வாகிகள் இங்கேயே இருப்பதால் கேட்கிறேன். ஆள் பாதி, ஆடை பாதி என்றால் அந்த ஆளில் நெய்தவரும் சேர்த்தியா இல்லையா?

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மூன்றாவது செய்தி அடுத்த மேடைக்கு. நெய்தவர் பெயரைச் சீட்டில் போடச் சொல்லி வாசல் மேசையில் மனு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன். போன கூட்டத்தில் இரண்டு காணாமல் போய்விட்டன.