இரண்டு பணம் மறுநாள் கணக்கு

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், அசனச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டும் தூங்காமல் உட்கார்ந்திருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரங்கள்.

“கிறிஸ்தவ பக்தியில் விஞ்சி நிற்பது கொடுக்கும் கையா, ஊழியம் செய்யும் கையா?” இதுதான் தலைப்பு. கொடுக்கும் கையே என்று எதிரணியில் இரண்டு பேர் பேசி முடித்துவிட்டார்கள். ஊழியம் செய்யும் கையே என்று சொல்ல நான் மதுரையிலிருந்து பஸ் ஏறித் திருமங்கலம் வந்திருக்கிறேன்.

காலையிலேயே வந்துவிட்டதால் உங்கள் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தேன். ஒரு நாட்டுக்கோழி முட்டை. நூறு ரூபாயில் ஆரம்பித்தது. ஒருதரம், ரெண்டுதரம் என்று ஏறி ஏறி இரண்டாயிரத்து ஐந்நூறில் வந்து நின்றது. எடுத்தவர் பெயரை மைக்கில் மூன்று முறை சொன்னார்கள். நல்ல மனசு, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, அந்தக் கோழியைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கஷ்டப்பட்டது கோழி. பேர் வாங்கியது முட்டையை எடுத்தவர். இன்றைய வழக்கே இதுதான். நான் கோழி சார்பில் ஆஜராகியிருக்கிறேன்.

அப்புறம் கை கழுவ ஆலயத்துக்குப் பின்பக்கம் போனேன். சோறு வடித்து முடித்த முதல் அண்டாவைச் சாய்த்துப் போட்டு இரண்டு பெண்கள் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெளியே அடிக்கரியைத் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துச் சுரண்டுகிறார். இன்னொருவர் அண்டாவுக்குள்ளேயே பாதி உடம்பை நுழைத்துவிட்டார். குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வருகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு வெங்காயம் உரிக்க வந்தவர்கள் என்று கோயில்பிள்ளை சொன்னார். மேடையில் சொல்லலாமே என்று பேர் கேட்டேன். “பேரு எதுக்கு சார், தள்ளி நில்லுங்க, கரி தெறிக்கும்” என்றது அண்டா.

சரி, எதிரணிக்கு வருவோம்.

எதிரணித் தலைவர் முதல் வெட்டிலேயே ஏழை விதவையின் இரண்டு காசை எடுத்தார். எதிர்பார்த்ததுதான். காணிக்கைப் பிரசங்கம் என்றால் அந்த அம்மாவை விடமாட்டார்கள். ஆனால் மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்தை அவர் நாற்பத்தோராம் வசனத்தில்தான் திறந்தார். ஒரு வசனம் முன்னால் திறந்திருந்தால் என்ன இருக்கிறது? விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற ஆட்களைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். அதைச் சொல்லி முடித்த கையோடுதான் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, யார் என்ன போடுகிறார்கள் என்று பார்க்கிறார். அந்த அம்மா போட்ட இரண்டு காசும் சேர்ந்து ஒரு துட்டு. அன்றைய நாள் கூலியை அறுபத்துநாலு பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்தத் தொகையைப் பார்த்தா ஆண்டவர் சீஷர்களைக் கூப்பிட்டார்? “தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்” என்றுதான் சொன்னார். மறுநாள் கஞ்சிக்கு வைத்திருந்தது அது. அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போய் மறுபடி உழைத்தால்தான் அவளுக்குச் சோறு. அந்தக் காசு பையிலிருந்து வந்ததா, உடம்பிலிருந்து வந்ததா? ஐயா, அந்த அம்மாவை எங்கள் அணியில் உட்கார வையுங்கள்.

அடுத்து பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்தானே, கொடுப்பதுதானே தமிழன் பண்பு என்றார். ரொம்பச் சரி. தேரைக் கொடிக்குக் கொடுத்துவிட்டுப் பாரி எப்படி வீட்டுக்குப் போனான்? அதை ஒரு புலவரும் பாடவில்லை. பறம்பு மலையில் ஆட்டோ இல்லை. நடந்துதான் போயிருப்பான்.

இந்த நடையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மாதிரி இன்னொருவரும் நடந்தார். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையில், அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைப் பார்த்த சமாரியன். எதிரணிச் சகோதரி சமாரியன் “இரண்டு பணம் கொடுத்தான்” என்றார். கொடுத்தான், இல்லை என்று யார் சொன்னது? இரண்டு நாள் கூலி. ஆனால் எப்போது கொடுத்தான்? லூக்கா தெளிவாக எழுதுகிறார்: “மறுநாளிலே”. இரண்டு பணம் மறுநாள் கணக்கு. முதல் நாள் கணக்கு என்ன? கிட்ட வந்தான். காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான். காயம் கட்டினான். கட்டுகிற துணியை அவன் மெடிக்கல் ஷாப்பில் வாங்கவில்லை, தன்னிடம் இருந்ததைத்தான் கிழித்திருக்க வேண்டும். தன் வாகனத்தில் ஏற்றினான். அவனை ஏற்றிவிட்டு இவன் நடந்தான். கழுதைமேல் கிடக்கிற ஆள் சரிந்து விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பாரி மாதிரி, நடந்தான். சத்திரத்தில் ராத்திரி கூடவே இருந்தான். விடிந்த பிறகுதான் பை திறந்தது.

இப்போது வரிசையை மாற்றிப் பாருங்கள். பாதையிலேயே நின்று, கழுதையை விட்டு இறங்காமல் இரண்டு பணத்தை அவன் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருந்தால்? ஆசாரியனும் லேவியனும் போன அதே பக்கமாக மூன்றாவதாகவும் ஒருவன் போனான், இவன் மட்டும் ரசீது வாங்கிக்கொண்டு போனான் என்றுதான் கதை முடியும்.

இன்னொன்று. பெத்தானியாவில் மரியாள் நளத தைலத்தை ஆண்டவர் பாதத்தில் ஊற்றித் தன் தலைமயிரால் துடைக்கிறாள். முந்நூறு பணம் பெறும், கிட்டத்தட்ட ஒரு வருஷக் கூலி. அதை ஏன் விற்கவில்லை, விற்றுப் பணமாகத் தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று அந்த வீட்டில் ஒரு குரல் எழும்புகிறது. யோவான் எழுதியிருக்கிறபடி அந்தக் குரல் யாருடையது? யூதாஸ்காரியோத்து. ஊற்றாதே, துடைக்காதே, பணமாக்கிக் கொடு என்று சொன்னவர் அவர்தான். பணப்பையும் அவர் கையில்தான் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சபைப் பொருளாளர் ஐயா என்னை மன்னிக்க வேண்டும். உங்களைப் பார்த்துச் சொல்லவில்லை, தற்செயலாகக் கண் அந்தப் பக்கம் போய்விட்டது.

எதிரணியின் பெரிய ஆயுதம் யோவான் மூன்று பதினாறு. “தந்தருளி” என்று இருக்கிறதே, தேவனே கொடுத்தாரே என்றார்கள். கொடுத்தார். யாரை? குமாரனை. வந்த குமாரன் என்ன சொன்னார்? ஊழியங்கொள்ள வரவில்லை, ஊழியஞ்செய்யவும் அநேகரை மீட்கத் தம் ஜீவனைக் கொடுக்கவும் வந்தேன் என்றார். “கொடுக்கவும்” வந்துவிட்டது என்று எதிரணி கை தட்ட வேண்டாம். முதலில் ஊழியம். அப்புறம் கொடுத்ததும் ஜீவன், செக் இல்லை.

செக் என்றதும் ஞாபகம் வருகிறது. சகோதரி வேலூரைச் சொன்னார். 1900ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் டாக்டராகத் திரும்பி வந்தபோது, ஷெல் என்ற நியூயார்க் வங்கிக்காரர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலர் இருந்ததால்தானே 1902இல் அங்கே ஆஸ்பத்திரி எழும்பியது என்றார். உண்மை, அந்த மனிதருக்கு என் வணக்கம். ஆனால் செக்குக்கு முந்தின கதையைச் சகோதரி விட்டுவிட்டார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டுகிறார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம், நீங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். இளவயது ஐடாவுக்கு வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி திண்டிவனத்தில் பத்தாயிரம் டாலர் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? அங்கே இல்லாமல் போனது பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கை. மிஷனரி வேலையே வேண்டாம் என்று இருந்த பெண் அதற்கப்புறம்தான் மருத்துவம் படிக்கப் போனார்.

நம்ம மதுரைப் பக்கத்து ஆளையும் சொல்லிவிடுகிறேன். அருளானந்தர். இது சி.எஸ்.ஐ. மேடை, அவர் கத்தோலிக்கப் புனிதர், பரவாயில்லை, பரலோகத்தில் தனித்தனி கேட் கிடையாது. போர்ச்சுகல் நாட்டு லிஸ்பன் அரண்மனையில் இளவரசர் பேதுருவோடு வளர்ந்த பிள்ளை. மதுரை மிஷனுக்கு வந்து, காவி கட்டி, புலால் விட்டு, வெயிலில் அலைந்தார். 1687இல் அவரைத் திரும்ப ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கூட வளர்ந்த அந்த இளவரசர் அப்போது ராஜா. இங்கேயே இரு என்கிறார். நடுவர் அவர்களே, எதிரணிக் கணக்குப்படி பார்த்தால் அவர் அங்கேயே இருந்திருக்க வேண்டும். ராஜாவிடம் சொல்லி மதுரைக்கு மூட்டை மூட்டையாகப் பொன் அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் 1690இல் கப்பலேறித் திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அவர் தலையை வெட்டினார்கள். அந்த மண் சிவப்பாக இருக்கிறது என்று இன்றைக்கும் ஜனங்கள் அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

ஊழியத்திலும் போலி இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. ஒரு வாழைப்பழத்தை ஏழு பேர் சேர்ந்து ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் போட்டோவை நானும் பார்த்திருக்கிறேன். கட்டிலோடு கிடக்கிற ஒரு பாட்டி பென்ஷனில் ஐம்பது ரூபாய் எடுத்துக் காணிக்கைக் கவரில் வைத்தால், அதைவிடப் பெரிய ஊழியம் எனக்குத் தெரியவில்லை. என் சண்டை அந்தப் பாட்டியோடு இல்லை, என் மாதிரி ஆளோடுதான்.

நான் ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் கூகுள் பேயில் தசமபாகம் அனுப்பிவிடுவேன். டிங் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் அந்த மாதத்துப் பக்தி முடிந்தது. இரண்டு விநாடி. வருஷக்கணக்காக இப்படித்தான் இருந்தேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். காலையில் இட்லிக் கடை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போவார். ஒரு நாள் அவர் வீட்டுக்காரருக்கு முடியவில்லை, பையைத் தூக்க ஆள் இல்லை, என்னைக் கூப்பிட்டார். ஏதோ பிரட் கொடுக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

பையில் பிரட் இல்லை. ஒரு நகவெட்டி, ஒரு சீப்பு, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய், பழைய பேப்பர், ஒரு பிளாஸ்டிக் பேசின், ஃபிளாஸ்கில் வெந்நீர். துணைக்கு ஆள் இல்லாத நோயாளி யார் என்று சிஸ்டரிடம் கேட்கிறார். “சர்க்கரை இருக்கா?” என்றும் கேட்கிறார். இருந்தால் அந்தக் காலில் நகவெட்டி வைக்கமாட்டார். சின்னக் கீறல் ஆறாத புண்ணாகிவிடும், அவர்களுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவி விடுவதோடு சரி. இதையெல்லாம் எந்த வேதாகமக் கல்லூரியில் படித்தாரோ!

அன்றைக்கு ஒரு பெரியவர். தாடி, மெலிந்த உடம்பு. சர்க்கரை இல்லை. கால் நகங்கள் மஞ்சளாக, கெட்டியாக, கிளி மூக்கு மாதிரி வளைந்து விரலைக் குத்திக்கொண்டிருந்தன. அக்கா பேப்பரை விரித்து, பேசினில் வெந்நீர் ஊற்றி, “தம்பி, காலைப் பிடிச்சுக்கோ” என்றார். ஊறினால்தான் நகம் வெட்டுப்படும், பத்து நிமிஷமாவது ஆகும். அந்தப் பத்து நிமிஷமும் அவர் குதிகால் என் உள்ளங்கையில் இருந்தது. வாடை அடித்தது, பொய் சொல்லமாட்டேன். வெடிப்புக்குள் இருந்த அழுக்கு மெதுவாகக் கரைந்து வெந்நீர் சாம்பல் நிறமாக மாறியது. பெரிய வியாழன் ஆராதனையில் பன்னிரண்டு பேர் கால் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறவர்கள்.

அக்கா கட்டைவிரல் நகத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். டக், டக் என்று ஐந்து விரலும் முடிந்தது. எனக்கு எழுந்து ஓடினால் போதும் என்று இருந்தது. பையிலிருந்து ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்துப் பெரியவரிடம் நீட்டினேன். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் போர்வையை விலக்கி இன்னொரு காலை நீட்டினார்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் ஐயா. உட்கார்ந்துகொள்கிறேன்.