டால்டன் நெடுஞ்சாலை: கரடியை விடுங்கள், மழையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. அலாஸ்காவில், டால்டன் நெடுஞ்சாலையில் இருக்கும் கோல்ட்ஃபுட்டில் பைக்கோடு நிற்கிறேன். இங்கே பெட்ரோல் போட்டுக்கொண்டால் அடுத்த பங்க் சாலையின் வடக்கு முனையான டெட்ஹார்ஸில்தான். நடுவில் 386 கிலோமீட்டர், ஒரு கடைகூடக் கிடையாது. என் வண்டி முழு டேங்கில் 350 ஓடும், சரளையில் இன்னும் குறையும். அதனால்தான் பின்னால் இந்தச் சிவப்புக் கேன்.

கரடி வருமா, கரடி வருமா என்று கமென்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கரடி இருக்கிறது, சரி. ஆனால் எனக்குப் பயம் அந்த மேகத்தைப் பார்த்துத்தான். இந்த மண்சாலையில் புழுதி பறக்காமல் இருக்கக் கால்சியம் குளோரைடு போடுகிறார்கள். வெயிலில் அருமையாக இறுகிக் கிடக்கும். மழை பட்டால் மேல்பரப்பு அப்படியே வழுக்கும் சேறாகிவிடும். அதன்மேல் முன்பிரேக்கைத் தொட்டால் கதை முடிந்தது. கியரைக் குறைத்து, கைகளைத் தளர்த்தி, வண்டி லேசாக ஆடினால் ஆடட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இருங்கள், லாரி வருகிறது. ஓரம் கட்டுகிறேன்.

கேட்டதா? ஹெல்மெட்டில் கல் அடித்த சத்தம் அது. லாரிக்காரர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. இது அவர்களுக்காகவே போட்ட சாலை. எண்ணெய்க் குழாய் கட்டச் சாமான் கொண்டுபோக 1974இல் அவசர அவசரமாகப் போட்டார்கள். சாலையின் கடைசி முனைவரை பொதுமக்களைப் போக விட்டது 1994இல்தான். நாம்தான் விருந்தாளிகள், வேகத்தைக் குறைத்து வழிவிட வேண்டும்.

அந்தக் குழாயைக் காட்டுகிறேன். வலது பக்கம் பாருங்கள், நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகிறது. சூட்டில் நீளவும் குளிரில் சுருங்கவும், பூமி அதிர்ந்தால் நகரவும் அந்த வளைவு இடம் கொடுக்கிறது. தாங்கும் தூண்களின் தலையில் சீப்பு மாதிரி உலோகத் தகடுகள் தெரிகின்றனவா? தூணுக்குள் அம்மோனியா இருக்கிறது. குளிர்காலத்தில் மண்ணின் சூட்டை வாங்கி ஆவியாகி மேலே ஏறும், தகடுகள் வழியாகச் சூட்டைக் காற்றில் விட்டுத் திரும்பத் திரவமாகிக் கீழே இறங்கும். பம்பும் இல்லை, கரண்டும் இல்லை. அடியில் வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் மண் உருகினால் தூண் புதைந்துவிடும். அதற்காகத்தான் இத்தனை ஏற்பாடு. எனக்கு மலையைவிட இதுதான் பிடித்திருக்கிறது, திட்டாதீர்கள்.

அப்புறம் அட்டிகன் கணவாய். 1,444 மீட்டர். புரூக்ஸ் மலைத்தொடரைச் சாலை கடக்கும் ஒரே இடம். மேலே மழை பனியாக மாறியதால் வீடியோ எடுக்கவில்லை, இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருந்தன. இந்தப் பக்கம் இறங்கினால் மரமே இல்லை. கண்ணுக்கு எட்டியவரை துந்திரா, கொசு.

அதோ ஆற்றங்கரையில் கறுப்பாக நிற்பவை கஸ்தூரி எருதுகள். கிட்டே போகமாட்டேன், ஜூம் மட்டும்தான். அலாஸ்காவில் இவற்றை வேட்டையாடி அடியோடு ஒழித்துவிட்டார்கள். பிறகு 1930இல் கிரீன்லாந்திலிருந்து கொஞ்சம் கொண்டுவந்து வளர்த்தார்கள். இப்போது இருப்பவை அவற்றின் வாரிசுகள்.

டெட்ஹார்ஸ் வந்தாயிற்று. இரவு பதினொன்று, வெயிலைப் பாருங்கள். ஊர் என்று எதுவும் இல்லை, எண்ணெய்த் தொழிலாளர்களின் தகரக் கொட்டகைகள், எந்திரங்கள், சேறு. ஆர்க்டிக் பெருங்கடல் இன்னும் சுமார் 13 கிலோமீட்டர்தான். ஆனால் சொந்த வண்டியில் போக முடியாது, நடுவில் இருப்பது எண்ணெய் வயல், செக்போஸ்ட் இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரம் முன்னால் பதிவு செய்தால் வேனில் கூட்டிப்போவார்கள். வருகிறவர்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள், இங்கே சும்மா காத்திருக்க அறை வாடகை கட்டுப்படியாகாது.

சாப்பாடு அப்புறம். முதலில் ரேடியேட்டரில் ஒட்டிய சேற்றைக் கழுவ வேண்டும். காய்ந்தால் சிமென்ட் ஆகிவிடும், நாளை இன்ஜின் கொதிக்கும். தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டுவிட்டு வருகிறேன்.