பிசகிய சுருதியை மூலம் என்று கும்பிடலாமா?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

"காலத்தை வென்ற இசைத்தட்டை ரீமாஸ்டர் செய்து மறுபடி வெளியிடுவது, அந்த இசைக்கு நன்மையா, தீங்கா?" இதுதான் தலைப்பு. ரீமாஸ்டர் என்றால் பழைய பதிவு டேப்பை எடுத்து, ஒலியைச் சீர்செய்து புதிய பதிப்பாக்குவது. தீங்கு என்று பேசிய எதிரணித் தலைவர் மூன்று வாதங்களை வைத்தார். அன்று வெளியானதுதான் மூலம், அதைத் தொடக் கூடாது என்றார். ரீமாஸ்டர் என்றாலே சத்தத்தைக் கூட்டுவதுதான் என்றார். பழைய பதிவின் இரைச்சல் அந்த இசையின் உடம்போடு பிறந்தது, அதைத் துடைத்தால் உயிரும் போகும் என்றார்.

நான் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். 1959 ஆகஸ்ட் 17இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1949, 50இல் ஒன்பது பேர் குழுவை வைத்துக்கொண்டு கூல் ஜாஸ் என்ற அடங்கிய, அவசரமில்லாத வாசிப்புக்கு வழி திறந்தவர் அவர். பத்து வருடம் கழித்து அந்த அடக்கம் கனிந்து நின்ற இடம் இந்த ஆல்பம்.

முதல் வாதத்துக்கு வருகிறேன். எது ஐயா மூலம்?

1959 மார்ச் 2. நியூயார்க்கில் கிழக்கு 30ஆம் தெருவில் கொலம்பியாவின் ஸ்டூடியோ. பழைய தேவாலயக் கட்டடம், வானளாவிய கூரை. இரண்டு டேப் இயந்திரங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்றில் மாஸ்டர், அதாவது தட்டுக்கு மூலமாகும் டேப்; மற்றொன்றில் பாதுகாப்புப் பிரதி. மாஸ்டர் ஓடிய இயந்திரத்தின் வேகம் அன்று சற்றுக் குறைவு. மெதுவாக ஓடி வாங்கிய டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? பாட்டு வேகமாகும், சுருதி ஏறும். அந்த டேப்பிலிருந்துதான் தட்டு வெட்டினார்கள். 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்' என்று முதல் பக்கம் முழுவதும் ஏறிய சுருதியில் வெளியானது. ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கத்துக்கு இந்தக் குறை இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். 'சோ வாட்' டி டோரியன் என்ற மேற்கத்திய சுர வரிசையில் இருக்கிறது. நமக்கு அது இரண்டு கட்டைச் சுருதி, கரகரப்ரியாவின் அதே சுரத்தானங்கள். 16 பார்கள் (ஒவ்வொரு பாரும் ஒரு தாளச் சுற்று மாதிரி) இரண்டு கட்டையில் போகும். பிறகு அப்படியே அரைச்சுரம் ஏறி 8 பார்கள் இரண்டரைக் கட்டையில் நிற்கும். மறுபடி இறங்கி 8 பார்கள் இரண்டு கட்டை. அந்தப் பாட்டின் கட்டுமானமே இந்த ஒரு அரைச்சுர ஏற்றந்தான். பழைய தட்டிலோ பாட்டு தொடங்குவதே இரண்டு கட்டைக்கும் இரண்டரைக் கட்டைக்கும் நடுவில்! தட்டோடு சேர்ந்து வாசிக்க முயன்ற மாணவர்கள் சாக்ஸஃபோனின் வாய்க்குழலை உள்ளே தள்ளிச் சமாளிக்கலாம். பியானோக்காரர் எங்கே போவார்?

சுருதி மாதா, லயம் பிதா என்கிறோம். டேப் வேகம் தவறினால் இரண்டும் ஒன்றாகத் தவறும். வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் சுருதி ஏறத்தாழ 17 சென்ட் நகரும். 100 சென்ட் சேர்ந்தால் ஒரு அரைச்சுரம். ஜிம்மி காப் டிரம்ஸில் நிதானமாக வைத்த நடையும் அதே விகிதத்தில் விரட்டப்படும்.

இது 33 வருடம் இப்படியே விற்றது. 1992இல் மறுவெளியீட்டு வேலையில் பொறியாளர் மார்க் வைல்டர் பாதுகாப்புப் பிரதியை எடுத்து ஓட்டியபோதுதான் உண்மை பிடிபட்டது. அந்த இரண்டாவது இயந்திரம் சரியான வேகத்தில் ஓடியிருந்தது. பால் சேம்பர்ஸின் பாஸும் பில் எவன்ஸின் பியானோவும் அந்த அறையில் ஒலித்த சுருதியிலேயே அந்த டேப்பில் இருந்தன. எதிரணி "தொடாதே" என்கிறது. தொட்டதால்தான் மைல்ஸ் வாசித்தது நமக்குக் கிடைத்தது.

இன்னொன்று. முதல் அச்சில் இரண்டாம் பக்கத்தின் லேபிளில் 'ஆல் ப்ளூஸ்', 'ஃப்ளமென்கோ ஸ்கெச்சஸ்' என்ற இரண்டு தலைப்புகளும் இடம் மாறி இருந்தன. அட்டையில் சாக்ஸஃபோன் வாசித்த கேனன்பால் ஆடர்லியின் பெயரிலேயே எழுத்துப்பிழை. அதையும் மூலம் என்று பாதுகாக்க வேண்டுமா?

தேய்மானத்தைப் பற்றி எதிரணி பேசவே இல்லை. அசல் பதிவு அரை அங்குல டேப்பில் மூன்று தடங்களாக, அதாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடும் மூன்று ஒலிவரிகளாக இருந்தது. அதை இரண்டு தடமாக மிக்ஸ் செய்தால், அதாவது கலந்து புது டேப்பில் ஏற்றினால், அசலிலிருந்து ஒரு தலைமுறை தள்ளிப்போகும். தட்டு வெட்டும் ஆலைகளுக்குப் பிரதி எடுத்தால் அடுத்த தலைமுறை. சமமான இரைச்சல் உள்ள டேப்பில் முதல் பிரதி எடுத்ததுமே இரைச்சல் 3 டெசிபல் கூடிவிடும். விற்பனை அதிகமான ஆல்பத்துக்கு இதுவே சாபம், மாஸ்டர் அடிக்கடி ஓடித் தேயும். 1997 வெளியீட்டில் மறுபடி மூன்று தட டேப்புக்கே போய், வால்வு இயந்திரத்தில் ஓட்டிப் புதிதாக மிக்ஸ் செய்தார்கள்.

இதில் கை தவறினால் என்ன ஆகும் என்பதும் தெரிய வேண்டும். டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணம் இம்மி விலகினால் உச்ச அதிர்வெண்கள் மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு டேப்புக்கும் அதைச் சரிபார்க்க வேண்டும். 1970களின் பல டேப்புகளில் பசை பிசுபிசுக்கும், அவற்றை 54 டிகிரி செல்சியஸ் அளவில் மணிக்கணக்காகச் சூடாக்கி மீட்பார்கள். அதே வைத்தியத்தை, அசிடேட் என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த 1950களின் டேப்புக்குச் செய்தால் அது சுருங்கி வீணாகிவிடும். அசிடேட்டின் நோயே வேறு: காய்ந்து நொறுங்கும், ஒட்டுகள் விட்டுப்போகும், காடி (வினிகர்) வாடை அடிக்கும். 30ஆம் தெரு ஸ்டூடியோ இடிக்கப்பட்டுவிட்டது. அந்தக் கூரையின் எதிரொலி இன்று மிஞ்சியிருப்பது டேப்பில் மட்டுந்தான். தொடாமல் விட்டால் அது பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும்.

இரைச்சல் விஷயத்தில் எதிரணி சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். 'சோ வாட்'டில் சுமார் ஒன்றரை நிமிடத்தில் மைல்ஸ் தனி வாசிப்பைத் தொடங்கும்போது ஜிம்மி காப் ஒரு சிம்பலை அடிப்பார். அந்த நாதம் மெல்ல மெல்லக் கரையும். டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சல் வாழ்வதும் அந்த உச்ச அதிர்வெண்களில்தான். கணினி கொண்டு இரைச்சலை அடியோடு வழித்தால் சிம்பலின் வாலும் அறுந்துபோகும்; மிச்சம் தண்ணீருக்குள் சலங்கை குலுங்குவது போல இருக்கும். ஆகவே நல்ல ரீமாஸ்டரில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும். வாங்குபவர் அந்தச் சிம்பலை வைத்தே சோதிக்கலாம்.

சத்தம் கூட்டுவது நடக்கிறது, மறுக்கவில்லை. 1990களின் கடைசியிலிருந்து பல ரீமாஸ்டர்களில் உச்சங்களை நசுக்கி மொத்தத்தையும் தூக்கினார்கள். அது மோசமான ரீமாஸ்டர். மோசமான வைத்தியரைக் காட்டி வைத்தியமே கூடாது என்பீர்களா? இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவை 0.2 டெசிபலுக்குள் சமப்படுத்துங்கள். அரை டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத் "தெளிவு" என்று நம்பிவிடும். சமப்படுத்திய பிறகு 'ப்ளூ இன் க்ரீன்' போடுங்கள். ஹார்மன் மியூட் என்ற ஒலியடக்கும் மூடி போட்ட அந்த டிரம்பெட் நெருங்கி வந்து பின்வாங்கினால் பதிப்பு நல்லது. ஒரே தூரத்தில் அறைந்துகொண்டே இருந்தால் அலமாரியில் திருப்பி வையுங்கள்.

அந்தப் பாட்டுக்கே பழைய தட்டில் இன்னொரு துன்பமும் உண்டு. முதல் பக்கத்தின் கடைசியில், உள் வட்டத்தில் கிடக்கிறது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் வெளி விளிம்பில் ஊசிக்கடியில் நொடிக்கு 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிள் அருகே 21 செ.மீ.தான். அதே நுணுக்கத்தைப் பாதிக்கும் குறைந்த இடத்தில் திணிக்க வேண்டியிருக்கிறது, டிரம்பெட்டின் ஓரங்கள் கரகரக்கின்றன. 45 வேகத்தில் இரண்டு தட்டுகளாக வந்த மறுவெளியீட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் 35 சதவீதம் கூடுதல் வேகம் கிடைக்கிறது, பாட்டுகளும் உள்வட்டத்தை அவ்வளவு நெருங்க வேண்டியதில்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்புக்கு முன் ஒரு விண்ணப்பம். சுருதி சரியாக இருக்கும் ஒரு கீபோர்டை மேடைக்கு வரவழையுங்கள். எதிரணி கொண்டாடும் 1959 தட்டில் 'சோ வாட்' ஓடட்டும். அந்த பாஸ் வரி முடிந்து நிற்கும்போது டி கட்டையை அழுத்திப் பாருங்கள். பிறகு வேகம் திருத்திய பதிப்பைப் போட்டு, அதே கட்டையை மறுபடி அழுத்துங்கள்.

வணக்கம்.