பெயர் போடக் கூடாது

அன்பு நேயர்களுக்கு வணக்கம். ஜப்பானிய மரக்கட்டை அச்சில் வந்த அழகியர் படங்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வானொலியில் படம் காட்ட வழியில்லை. அதனால் ஒரே ஒரு படத்தைச் சொல்லிவிட்டு, அதைச் சுற்றி நடந்த வம்புக்கு வருகிறேன்.

மூன்று பெண்கள், மார்பளவு. மேலே ஒருத்தி, கீழே பக்கத்துக்கு ஒருத்தி. பின்னணியில் மைக்காத் தூள் மினுங்குகிறது. 1793 வாக்கில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், கிதகாவா உதாமாரோ வரைந்தது. மேலே இருப்பவள் தொயோஹினா, எடோவின் கணிகையர் பகுதியான யோஷிவாராவின் இசைக்காரி. மற்ற இருவரும் கடைப்பெண்கள்: அசாகுசா கோயில் பக்கம் தேநீர் கொடுத்த ஒகிதா; ரியோகொகுவில் அரிசி பிஸ்கட் கடைக்காரரின் மகள் ஓஹிசா.

மூன்றும் ஒரே முகம்தானே என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூக்கின் வளைவையும் கண்ணின் சாய்வையும் நின்று பாருங்கள், வேறுபாடு தெரியும். ஆனாலும் ஆளை அடையாளம் காட்டியவை உடையிலும் விசிறியிலும் இருந்த குடும்பச் சின்னங்கள்தான். பெயரும் அச்சாகியிருந்தது.

வம்பு அங்கேதான். உரிமம் பெற்ற கணிகையரைத் தவிர வேறு பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்று 1793இல் அரசு தடை விதித்தது. இதே படத்தின் பிந்தைய பிரதிகளில் பெயர்கள் இல்லை. உதாமாரோ விடுவாரா? ஒகிதாவின் இன்னொரு படத்தில், மூலையில் ஒரு பட விடுகதை வைத்தார்: இரண்டு கட்டுக் கீரை, ஓர் அம்பு, கடல், வயல். ஜப்பானிய மொழியில் வரிசையாகச் சொன்னால், 'நானிவா, யா, ஒகி, தா'. நானிவாயா என்பது அவளுடைய கடை. 1796இல் விடுகதைக்கும் தடை வந்தது. 1800இல் பெரிய முகப் படமே ஆகாது என்றார்கள்.

யாரும் தடுக்காமலே பெயர் விடுபட்டவரும் உண்டு: ஓவியர் வரைந்ததை அச்சுக்கட்டையில் செதுக்கியவர். நெற்றியோர முடியை ஓவியர் இழை இழையாக வரைந்து தருவதில்லை. செர்ரிக் கட்டையில் அதைப் பிரித்தெடுப்பது தலைமைச் செதுக்குநரின் கை. உடைப் பகுதி சீடர்களுக்கு. படத்தில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும், இவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. எனக்கு இது ஆறவே இல்லை.

உதாமாரோ கடைசியில் மாட்டியது அழகியரால் அல்ல. முன்னாள் ஆட்சியாளர் ஹிதேயோஷி மனைவியரோடு செர்ரிப்பூ பார்க்கும் காட்சியைப் பெயரோடு வெளியிட்டார். 1804இல் 50 நாள் கைவிலங்கு. 1806இல் காலமானார்.

நன்றி, வணக்கம்.