நூறாம் நம்பர் நூலும் இருபது போர் துப்பாக்கியும்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை தில்லி ஆர்.கே. புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை துக்ளகாபாதில் பார்த்தால் நம்ப மாட்டார்கள். ஐந்தடி உயரம், ஐம்பது வயது, கையில் இரட்டைக்குழல் துப்பாக்கி. 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய சுடுகளம் அது. ஐந்து ஒலிம்பிக் கண்ட பிகானேர் மகாராஜா கர்ணி சிங்கின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்கே நான் சுடுவது பறக்கும் களிமண் தட்டுகளை. பெயர்தான் களிமண், சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் (தார் மாதிரி) சேர்த்து வார்த்தது. 11 சென்டிமீட்டர் அகலம், 105 கிராம் எடை.

என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது: "உங்கள் உடம்புக்கு ஏன் இந்த 12 போர்? 20 போர், 28 போர் என்று சின்னது இருக்கிறதாமே?" இருக்கிறது. போர் (bore) என்பது குழலின் உள்ளளவு. ஆனால் 20 எப்படி 12-ஐ விடச் சின்னது? என் அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலைத் தொழிலாளி. நாற்பதாம் நம்பர் நூலை விட நூறாம் நம்பர் நூல் மெல்லிசு என்பது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பவுண்டு பஞ்சில் எத்தனை சிட்டம் (குறிப்பிட்ட நீளக் கட்டு) நூல் வரும் என்பதுதான் அந்த நம்பர். துப்பாக்கியிலும் அதே பவுண்டுக் கணக்குதான். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டை சரியாக நுழையும் குழல் 12 போர். சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 உருண்டையாக்கினால் 15.6. இருபத்தெட்டு என்றால் 14. எல்லாவற்றிலும் சின்னதான ஃபோர்-டென் (.410) மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது அங்குல அளவு, 10.4 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட என் சுண்டுவிரல்.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று நான் சொல்லப் போவதாக நினைத்தால், மன்னிக்கவும். இங்கே சிறுத்தால் காரம் குறையத்தான் செய்யும். குறைவது வேகமல்ல, ரவையின் எண்ணிக்கை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சின்ன ஈயக் குண்டுகள். ஒலிம்பிக் போட்டியில் 12 போர் தோட்டாவுக்கு 24 கிராம் ஈயம். தட்டு குறுக்கே பறக்கும் ஸ்கீட் போட்டியில் போடும் 9-ஆம் நம்பர் ரவையாகக் கணக்கிட்டால் சுமார் 500. ஃபோர்-டென்னில் 14 கிராம். முந்நூறு கூட வராது. சின்னக் குழலிலிருந்து ரவை குறுகலாகப் போகும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் குழல் முனையில் இருக்கும் சோக் என்ற குறுகல்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதே அளவு வலைதான், இழைகள் மட்டும் குறைவு. அந்த ஓட்டை வழியாகத் தட்டு முழுசாகத் தப்பிப் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்கீட்டில் தட்டு சுமார் 20 மீட்டரில் வரும், அங்கே சின்ன போருக்கும் வேலை உண்டு. அமெரிக்காவில் ஸ்கீட் போட்டியே 12, 20, 28, ஃபோர்-டென் என நான்கு பிரிவாக நடக்கிறது. ஃபோர்-டென்னில் நூற்றுக்கு நூறு அடிக்கிறவர்களும் உண்டு. டிராப் என்ற இன்னொரு போட்டி வேறு. அங்கே தட்டு நம்மை விட்டு விலகி ஓடும், முப்பது மீட்டரைத் தாண்டித்தான் பிடிக்க முடியும். ஒலிம்பிக் விதி 12-க்கு மேல் போகக் கூடாது என்கிறதே தவிர, கீழே போகத் தடையில்லை. ஆனாலும் யாரும் போவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நருக்காவும் கலப்பு ஸ்கீட்டில் வெண்கலத்தை ஒரே ஒரு தட்டில் விட்டார்கள். அந்த இடத்தில் நிற்பவர் இருநூறு ரவையை வீட்டில் வைத்துவிட்டா வருவார்?

சரி, தோள்பட்டை? எனக்கு முதலில் கொடுத்த துப்பாக்கி ஆறடி ஆளுக்குச் செய்தது. குருவி தலையில் பனங்காய். மூன்று வாரம் ஒத்தடம் கொடுத்தேன். பிறகு ஒரு தோழியின் 20 போரை எடுத்தேன், பஞ்சு மாதிரி இருக்கும் என்று. இன்னும் பலமாக உதைத்தது! துப்பாக்கி முக்கால் கிலோ லேசு, உள்ளே போட்ட ஈயமோ அதே 24 கிராம். லேசான துப்பாக்கி பின்னால் வேகமாக வரும், அவ்வளவுதான் இயற்பியல். உதை குறைய வேண்டுமானால் துப்பாக்கி கனமாக இருக்கட்டும், ஈயத்தைக் குறையுங்கள். தோளில் வைக்கும் கட்டையை உங்கள் கைநீளத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் 12 போருக்குத் திரும்பினேன். தில்லிக் குளிரில் இன்னொரு வேடிக்கை: ஜனவரியில் இரண்டு ஸ்வெட்டர் போட்டதும் கட்டை மறுபடி நீளமாகிவிடும்.

அதற்காக 20 போர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்கீட்டில் சட்டென்று தோளுக்கு வரும், கை வலிக்காது. 21 கிராம் தோட்டா கிடைத்தால் சின்ன உடம்புக்கு அருமை. நம் ஊரில் கிடைப்பதுதான் பாடு. 12 போர் தோட்டா மாதிரி எங்கும் அகப்படாது, லைசென்ஸில் எழுதிய போருக்குத்தான் வாங்கவும் முடியும்.

அதை விட முக்கியமான ஒன்று. 20 போர் தோட்டா பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அழகுக்கு அல்ல. அது தவறி 12 போரில் விழுந்தால் வழுக்கிக்கொண்டு போய்க் குழலுக்குள் செருகி நிற்கும். விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. போடவில்லையோ என்று நினைத்து, பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடித்து இடது கையே போய்விடும். என் சட்டைப் பையில் ஒரு முறை இரண்டும் கலந்திருந்தன. களத்துப் பெரியவர் ஒருவர் பையைக் கவிழ்க்கச் சொன்னார், பொறுக்கி எடுத்தார், அன்று முழுக்க என்னைச் சுட விடவில்லை. கோபம் வந்தது. இப்போது அதே வேலையை நான் மற்றவர்களுக்குச் செய்கிறேன், அவர்களும் கோபப்படுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு ஃபோர்-டென் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் குடியிருப்பில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன். சின்னப் பையனுக்குச் சின்னத் துப்பாக்கி என்று அவன் மாமா ஃபோர்-டென்னைப் பிடிக்க வைத்தார். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. அவன் உடைத்தது 2. அடுத்த வாரம் வரவில்லை. கையில் இருந்தது ஊறிய ஆட்கள் சவாலுக்கு எடுக்கிற துப்பாக்கி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு லேசான தோட்டா போட்ட கனமான 12 போரைக் கொடுத்தேன். ஒன்பது உடைத்தான். "ஆன்ட்டி, அது பொம்மைத் துப்பாக்கியா?" என்று கேட்டான்.

பொம்மை இல்லை, கண்ணா. போன மாதம் கடைசிச் சுற்றுக்கு அதே ஃபோர்-டென்னை நான் எடுத்தேன். 25-க்கு 14. காலையில் 12 போரில் 22. வணக்கம்.