வலது காது கேட்காதவர் செய்த மிக்ஸ்! செவித்திறன் குறைந்தால் இசைத் தயாரிப்பாளர் என்ன செய்யலாம்?

[திரையில்: ஒற்றை ஸ்பீக்கர், பக்கத்தில் பழைய டேப் மெஷின்]

உலகின் தலைசிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முன்வரிசையில் வந்து நிற்பது, 1966-இல் வெளியான ‘பெட் சவுண்ட்ஸ்’. அதைத் தயாரித்த பீச் பாய்ஸ் குழுவின் மறைந்த பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமலே இருந்தது. இடப்பக்கம் கிதார், வலப்பக்கம் பியானோ என்று நாம் ஹெட்போனில் ரசிக்கிறோமே, அந்த சுகமே அவருக்குக் கிடைக்கவில்லை!

வணக்கம் நண்பர்களே! இசைத் தயாரிப்பில் இருக்கும் உங்கள் நண்பருக்கு இந்த வீடியோவை இப்போதே அனுப்பிவிடுங்கள்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுவோம். உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள்தான் ஒலியை நரம்புக்கு அனுப்புகின்றன. அதிக சத்தத்தில் அவை செத்தால் மனிதர்களுக்கு மறுபடி முளைக்காது. சரி, வில்சனிடம் வருவோம்.

தனித்தனியாகப் பதிவான ஓசைகளைக் கலந்து ஒரே பாட்டாக்குவதுதான் மிக்ஸ். அவர் அதை மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லாம் ஒரே ஒலியாக வரும்படி செய்தார். அன்றைய ரேடியோக்கள் மோனோ என்பதும் ஒரு காரணம். ஆனால் மோனோவில் ஒரு சிக்கல் உண்டு. கிதாரை இடப்பக்கம் தள்ளி, பியானோவை வலப்பக்கம் தள்ளித் தப்பிக்க முடியாது. ஒரே வாசல் வழியாக மொத்தக் கல்யாணக் கூட்டமும் வெளியே வருவது மாதிரி. யார் முன்னால், யார் பின்னால் என்பதை அரேஞ்ச்மென்ட்டிலேயே, அதாவது எந்தக் கருவி எப்போது எதை வாசிக்கும் என்று அமைக்கும்போதே, முடிவு செய்தாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். வில்சன் இரண்டு மூன்று கருவிகளை ஒரே மெட்டை வாசிக்க வைத்து, எந்தக் கருவி என்றே சொல்ல முடியாத புதிய ஓசையை உருவாக்குவார். சைக்கிள் மணி, காலித் தண்ணீர் கேனைத் தட்டும் சத்தம், கடைசியில் அவர் வளர்த்த நாய்களின் குரைப்பு எல்லாமே அந்த ஆல்பத்தில் உண்டு. பல பாடல்களில் மொத்த வாத்தியங்களையும் ஒரே ட்ராக்காக இறக்கி, எட்டு ஒலித்தடங்களைத் தனித்தனியாகப் பதியும் எட்டு ட்ராக் மெஷினில் மீதி ஏழையும் குரல்களுக்கு ஒதுக்கினார். அப்புறம், 1997-இல்தான் ஒலிப் பொறியாளர் மார்க் லினெட் வாத்திய டேப்பையும் குரல் டேப்பையும் நேரம் பிசகாமல் சேர்த்து, முழு ஆல்பத்துக்கும் இடம் வலம் பிரித்துக் கேட்கும் ஸ்டீரியோ மிக்ஸ் கொண்டுவந்தார். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். என் ஓட்டு இன்றும் மோனோவுக்கே!

இந்த ஆல்பத்தை எட்டிப் பிடிக்க முயன்றவர்களில் ஒருவர் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். பிற்காலத்தில் அவருக்கும் செவித்திறன் குறைந்தது. 2006-இல் ‘லவ்’ ஆல்பத்தை மகன் ஜைல்ஸோடு சேர்ந்து செய்தார். மகனின் காதை நம்பி வேலை செய்ததில் எந்த இழுக்கும் இல்லை என்பேன்.

[திரையில்: குரல் ட்ராக், ஈக்யூ வளைவு]

இனி நம் மேஜைக்கு வருவோம். வயதாலோ சத்தத்தாலோ வரும் குறைபாடு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் முதலில் தெரியும். குரல் மங்கலாகக் கேட்கும். அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் நீங்கள் 8 கிலோஹெர்ட்ஸை ஏற்றுவீர்கள். உங்களுக்குத் திருப்தி, ஆனால் கேட்பவருக்கு ஒவ்வொரு ‘ஸ்’-ஸும் ஊசி மாதிரி குத்தும். அதனால் ஈக்யூவைத் தொடும் முன், ஒப்பிட்டுப் பார்க்க நீங்கள் நம்பும் ஒரு ரெஃபரன்ஸ் பாடலை, எந்த அதிர்வெண் எவ்வளவு என்று வரைந்து காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் ஓடவிட்டு, உங்கள் மிக்ஸை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளைய காது ஒன்றையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஒரு காது மட்டும் கேட்கிறதா? எது எவ்வளவு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற பேலன்ஸை மோனோவில் முடியுங்கள். பிறகு இடது வலது சேனல்களை மாற்றிப் போட்டு, இரண்டையும் நல்ல காதாலேயே சோதியுங்கள். பேனிங்கிற்கு, அதாவது ஒலியை இடமோ வலமோ தள்ளுவதற்கு, திரையில் தெரியும் எண்களையும் மீட்டரையும் நம்பலாம். பாட்டு கேட்பதற்கு உங்கள் போனிலேயே, அக்செஸிபிலிட்டி பகுதியில், ‘மோனோ ஆடியோ’ இருக்கிறது. இப்போதே போட்டுப் பாருங்கள்!

சத்த அளவுக்கு வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு, 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஓடுங்கள். சில நாள் தாமதமே சிகிச்சையின் பலனைக் குறைத்துவிடும்.

ஒரு காதோடு, அல்லது காதிரைச்சலோடு மிக்ஸ் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்த மீட்டர், என்ன முறை உங்களுக்குக் கைகொடுக்கிறது என்று கமெண்டில் எழுதுங்கள். அவற்றை வைத்தே அடுத்த வீடியோவைச் செய்கிறேன்.